விட்பி ஊரைச் சுற்றி எந்தக் கடற்கரை, எந்த நேரத்தில்

ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாள், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பியில் தங்கப்போகிறீர்கள், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள உங்கள் தாயாரும் உடன் வருகிறார்கள், கார் இருக்கிறது, ஏழெட்டுக் கடற்கரைகளின் பெயர்களைத் திரட்டி வைத்திருக்கிறீர்கள், அவற்றில் எவற்றை வைத்துக்கொண்டு எவற்றை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விட்பியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், மிடில்ஸ்பரோவில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் இந்தக் கரைக்கு அழைத்துப் போவதே வழக்கமாகிவிட்டதால், முதியவர்களையும் சிறுவர்களையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போவதில் உள்ள சிக்கல்கள் எனக்கு ஓரளவு பழக்கமானவை.

உங்கள் பட்டியலில் தவறான பெயர் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை நேரம் குறிக்காமல் வைத்துக்கொண்டு புறப்பட்டால், இருப்பதிலேயே சிறந்த கடற்கரையும் உங்களை ஏமாற்றிவிடும். வட யார்க்‌ஷயர் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் பெருகி நிற்கும் உயர் ஓதத்துக்கும் வற்றி நிற்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறக்குறைய 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. சென்னையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டர் அளவே இருப்பதால், மெரினாவுக்குக் காலையில் போனாலும் மாலையில் போனாலும் மணல் இருந்த இடத்தில்தான் இருக்கும். கடற்கரைக்கு நேரம் பார்த்துப் போகும் பழக்கம் நமக்கு ஏற்பட்டதே இல்லை. விட்பி வட்டாரத்திலோ, காலை பதினொரு மணிக்குக் கால்பந்து மைதானம் போல் விரிந்து கிடந்த மணல் மாலை ஐந்து மணிக்கு முற்றிலும் மறைந்து, அலை சுவரில் மோதிக்கொண்டிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கு வந்த முதல் ஆண்டு, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்கு, ராபின் ஹூட்ஸ் பே என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போனேன். காரை மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க வைக்கும் செங்குத்தான தெருவில், வாளியும் சிறு மண்வெட்டியும் ஏந்திய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தெரு முடிந்த இடத்தில் படகுகளை இறக்கும் சரிவு இருந்தது. அந்தச் சரிவின் பாதி வரை கடல் ஏறி நின்றது. கடற்கரை என்று சொல்வதற்கு ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை. வாளியை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அந்த மேட்டில் ஏறியது இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிக் காட்டப்படுகிறது.

ஆகவே முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். ஆங்கில நாள்காட்டியை அல்ல, வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியை. ஓதம் நிலவைப் பின்பற்றுவதால், விட்பியில் ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது. கோடைக் கால நேரப்படி, அந்த நாள்களிலும் அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாள்களிலும் தாழ் ஓதம் முற்பகல் பதினொன்றுக்கும் நண்பகலுக்கும் ஒட்டி வரும். கடல் மிகத் தொலைவு வற்றும். மாலை ஐந்து மணியை ஒட்டி முழுதாகப் பெருகிவிடும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இது தலைகீழாகும். முற்பகலில் கடல் பெருகியிருக்கும். மாலை ஐந்து மணி வாக்கில் வற்றும். ஆனால் ஏற்ற இறக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுவதால், வற்றினாலும் வெகுதூரம் போகாது, பெருகினாலும் மிக மேலே வராது. நீங்கள் தங்கப்போகும் நான்கு நாள் இவற்றில் எதை ஒட்டி வருகிறது என்று தெரிந்துவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்தது. துல்லியமான நேரத்துக்கு மட்டும் அன்றன்றைய ஓத அட்டவணையைப் பார்க்கத்தான் வேண்டும். அதைப் பார்க்கும்போது, சில அட்டவணைகள் கிரீனிச் நேரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும், ஆகஸ்டில் அதனோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த ஒரு மணி நேரப் பிழையால் வழி மறிக்கப்பட்டவர்கள் உண்டு.

வழி மறிக்கப்படுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பார்வைக்கு அது புலப்படாது. இந்தக் கரை நேர்கோடாக இல்லை. குன்றின் மூக்குகள் கடலுக்குள் நீண்டிருக்க, அவற்றுக்கு இடையே வளைகுடாக்கள் உள்வாங்கியிருக்கின்றன. கடல் பெருகும்போது முதலில் தொடுவது அந்த மூக்குகளின் அடிவாரத்தை. வளைவின் உட்புறத்துக்கு அது வந்து சேர்வது கடைசியில்தான். நீங்கள் நிற்கும் மணல் இன்னும் அகலமாகவே இருக்க, நீங்கள் வந்த வழி இரு பக்கமும் அதற்குள் மூழ்கியிருக்கும். பின்னால் செங்குத்தான களிமண் குன்று. மேலும், ஆறு மணி நேரத்தில் ஏறும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் ஒரு மணி நேரம் மெல்ல ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த ஏற்றத்தின் பாதி வந்துவிடும். ஐந்து மீட்டரில் பாதி என்பது ஓர் ஆளை மூழ்கடித்து அதற்கு மேலும் போகும் அளவு. எனவே, ஊரை விட்டு விலகிக் குன்றின் அடியில் நடக்க நினைத்தால், கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது புறப்பட்டு, தாழ் ஓத நேரத்துக்குள் திரும்பத் தொடங்கிவிட வேண்டும்.

இனி இடங்களைப் பற்றி. விட்பியின் சொந்தக் கடற்கரையைப் பலர் ‘ஊருக்குள் இருப்பதுதானே’ என்று புறக்கணிக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது மிகவும் ஏற்றது. எஸ்க் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக் கடலில் கலக்கிறது. மேற்குக் கரையிலுள்ள அலைதடுப்புச் சுவரின் அருகிலிருந்து தொடங்கும் மணல், தாழ் ஓதத்தில் சான்ட்செண்ட் என்ற சிற்றூர் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் இடைவெளியின்றி நீள்கிறது. துறைமுகத்தை ஒட்டிய சாலையிலிருந்து சரிவு வழியாக மணலுக்கு இறங்கிவிடலாம் என்பதால் தாயாருக்குப் படிக்கட்டுத் தொல்லை இல்லை. மேற்குக் குன்றின் மேலிருந்து இறங்கும் பாதைகளோ செங்குத்தானவை. அங்கே காரை நிறுத்திவிட்டு அவரை நடத்திக் கூட்டி வர வேண்டாம். அந்தக் குன்றுக்கு ஏறும் ஒரு தெருவுக்குக் கைபர் கணவாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்த்தால் காரணம் தெரியும். பிள்ளைகளுக்குக் கழுதைச் சவாரி, வண்ண வண்ண மரக் குடில்கள், பருவ காலத்தில் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள், எட்டிய தூரத்தில் கழிப்பறை, தேநீர் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை எல்லாம் இங்கேயே இருக்கின்றன. முதல் நாள் வேறெங்கும் அலையாமல் இங்கேயே கழியுங்கள்.

ஆற்றின் கிழக்குப் புறத்தில், பழைய தெருக்களுக்குப் பின்னால், டேட் ஹில் என்ற குட்டிக் கடற்கரை ஒன்று துறைமுகத்தின் அணைப்புக்குள் ஒளிந்திருக்கிறது. படகுகள் போய்வரும் இடமாதலால் நீந்துவதற்கு உகந்ததன்று; ஆனால் காற்று பலமாக வீசும் நாளில் சிறியவன் மணல் வீடு கட்டுவதற்கு இதைவிட அடக்கமான இடம் கிடைக்காது. 1885ஆம் ஆண்டு அக்டோபரில் திமித்ரி என்ற ரஷ்யப் பாய்மரக் கப்பல் புயலில் அடித்துவரப்பட்டு இந்த மணலில்தான் ஏறி நின்றது; அந்த நிகழ்ச்சி, பிறகு உலகப் புகழ்பெற்ற இரத்தக் காட்டேரிக் கதை ஒன்றில் வேறு பெயரோடு இடம்பெற்றது. பெரியவளுக்கு இதைச் சொன்னால் மணலைப் பார்க்கும் பார்வையே மாறும். இதன் அருகிலிருந்து தேவாலயத்துக்கும் மடாலய இடிபாட்டுக்கும் ஏறும் 199 படிகளைத் தாயார் ஏற வேண்டியதில்லை. மடாலயத்துக்குப் பின்புறம் குன்றின் மேலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது.

சான்ட்செண்ட் எனக்கு மிகவும் பிடித்தது என்பதை மறைக்கப்போவதில்லை. விட்பியிலிருந்து காரில் பத்து நிமிடம். எக்ஸ் 4 பேருந்தும் அந்த வழியே போகிறது. இந்த வட்டாரத்தில் கடற்கரைக்குப் போவதென்றால் பெரும்பாலும் குன்றிலிருந்து இறங்குவது என்றுதான் பொருள். சான்ட்செண்டில் மட்டும் சாலையே கடலோரமாகப் போகிறது. தாயார் காரிலிருந்து இறங்கி நான்கு அடி வைத்தால் கடல்சுவரின் மேல் உட்கார்ந்துவிடலாம். பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் விளையாடுவார்கள். இரண்டு சிற்றோடைகள் ஊரின் நடுவே ஓடிக் கடலில் சேர்கின்றன. கணுக்கால் அளவு நீரில் அணை கட்டி விளையாடும் ஆறு வயதுப் பிள்ளையைக் கடலுக்குக் கூப்பிட்டாலும் வராது. உயர் ஓதத்தில் மணல் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். அப்போதும் ஓடை இருக்கும் என்பதால் நாள் வீணாகாது. ஊருக்கு வடக்கே, கைவிடப்பட்ட பழைய ரயில் பாதையின் வழியே நடந்தால், செடி கொடி முளைக்காத சாம்பல் நிற மேடுகளைக் காணலாம். அவை 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டிலும் படிகாரம் எடுத்த குவாரியின் மிச்சம். கம்பளித் துணியில் சாயம் நிற்பதற்குப் படிகாரம் வேண்டும். அதற்காக இந்தக் கரையின் களிப்பாறையை வெட்டி, மாதக்கணக்கில் எரித்து, ஊறவைத்து, கடற்பாசிச் சாம்பலையோ மனித மூத்திரத்தையோ சேர்த்துக் காய்ச்சினார்கள். லண்டனிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் மூத்திரம் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது. இந்தச் செய்தியைக் கேட்டதும் பிள்ளைகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேலும் வடக்கே, விட்பியிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டரில், ரன்ஸ்விக் பே. 2020ஆம் ஆண்டு சண்டே டைம்ஸ் இதழ் பிரிட்டனின் சிறந்த கடற்கரையாக இதைத் தேர்ந்தெடுத்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. ஆனாலும் அந்தப் பாராட்டு மிகையன்று. அரைவட்டமாக வளைந்த குடா, ஒரு முனையில் குன்றின் மீது அடுக்கி வைத்தாற்போல் சிவப்பு ஓட்டு வீடுகள், கடலோரத்தில் கூரை வேய்ந்த ஒரே ஒரு வெள்ளை வீடு. இப்போது பார்க்கும் ஊர் இரண்டாவது ஊர். 1682இல் பழைய ஊர் மண்சரிவில் ஒரு வீடு தவிர மற்ற அனைத்தோடும் கடலுக்குள் வழுக்கிப் போனது. மணலின் நடுப்பகுதிக்கு மேல் ஹாப் ஹோல்ஸ் என்ற குகைகள் இருக்கின்றன. ஹாப் என்பது வீட்டுக் குறளி போன்ற ஒன்று. கக்குவான் இருமல் கண்ட குழந்தைகளை முற்காலத்துத் தாய்மார்கள் இந்தக் குகை வாசலுக்குத் தூக்கி வந்து, ‘என் பிள்ளையின் இருமலை எடுத்துக்கொள்’ என்று ஹாப்பிடம் வேண்டிக்கொண்டார்களாம். உங்கள் தாயாருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ரன்ஸ்விக்கில் உள்ள சிக்கல் கடல் அன்று, கார். கீழே இறங்கும் சாலை மிகச் செங்குத்தானது. கீழுள்ள நிறுத்துமிடம் ஆகஸ்டு மாதத்து நல்ல வெயில் நாளில் காலையிலேயே நிரம்பிவிடுகிறது. மேலே நிறுத்திவிட்டு நடப்பது தாயாரால் இயலாது. ஒன்று, ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். அல்லது, பலர் கிளம்பத் தொடங்கும் மாலை நான்கு மணிக்குப் பிறகு போங்கள். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டாவது வழி மிக நன்றாகப் பொருந்தும்; கடல் வற்றிய மணலில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். ஊர்ப் பக்கம் குன்றின் நிழல் சீக்கிரம் விழுந்துவிடுவதால் ஆளுக்கொரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.

இப்போது, என்னை வெறுங்கையோடு அனுப்பிய ராபின் ஹூட்ஸ் பே. அந்தப் பெயருக்கும் காட்டில் வாழ்ந்த வில்லாளிக்கும் நிரூபிக்கப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் தேயிலையும் சாராயமும் பட்டும் கடத்திய ஊர் என்பதே அதன் உண்மையான புகழ். விட்பிக்குத் தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர். எக்ஸ் 93 பேருந்து போகிறது. இது மணலுக்காகப் போகும் இடமன்று, பாறைக்காகப் போகும் இடம். கடல் வற்றியதும் வெளிப்படும் பாறைத் தளங்கள் ஒன்றினுள் ஒன்றாக வளைந்து கிடக்கின்றன. கீழிருந்து புடைத்த குமிழ் போன்ற பாறை அடுக்குகளின் தலையைக் கடல் சீவிவிட்டதால் ஏற்பட்ட வடிவம் அது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரியும் வளையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வளையங்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் தேங்கும் நீரில் நண்டு, கடல் சாமந்தி, நத்தை, சிறு மீன் என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் இங்கே இரண்டு மணி நேரம் விட்டுவிடலாம். ஆனால் பாசி படிந்த பாறை எண்ணெய் தடவியது போல் வழுக்கும் என்பதால் செருப்பு கூடாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். புரட்டிய கல்லை இருந்தபடியே வைக்கவும், பிடித்த நண்டை அதே குட்டையில் விடவும் பழக்குங்கள்.

தாயாரை இங்கே என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கார்களை மேட்டின் மேல்தான் நிறுத்த முடியும். கீழே போகும் தெரு முழங்கால் வலியுள்ளவருக்கு இறங்கும்போதே தண்டனை. என் யோசனை, அன்றைக்கு நீங்கள் இருவரும் பிரிந்துகொள்வது: ஒருவர் பிள்ளைகளோடு ராபின் ஹூட்ஸ் பேக்குப் போக, மற்றவர் தாயாரோடு விட்பியிலேயே இருப்பது. பிள்ளைகளோடு போகிறவர், கடல் வற்றிக்கொண்டிருந்தால், தெற்கே ஒரு கிலோமீட்டர் அளவு மணலோரமாகவே நடந்து பாகிள் ஹோல் என்ற சிறு பள்ளத்தாக்கை அடையலாம். பழைய மாவு ஆலை ஒன்று அங்கே இளைஞர் விடுதியாக மாறியிருக்கிறது. தேநீரும் கேக்கும் கிடைக்கும். கடல் திரும்பிவிட்டால், வந்த வழியில் பந்தயம் ஓடாமல், குன்றின் மேலே செல்லும் கிளீவ்லண்டு வே நடைபாதை வழியாகத் திரும்பிவிடுங்கள்.

சால்ட்விக் பே உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. மடாலயத்துக்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் அழகான, அமைதியான குடா அது. ஆனால் இறங்கும் வழி சேறும் சரிவுமானது, கீழே எந்த வசதியும் கிடையாது, உயிர்காப்பாளரும் இல்லை. விட்பி கிழக்கு அலைதடுப்புச் சுவரிலிருந்து குன்றின் அடியிலேயே சால்ட்விக்குக்கு நடந்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். இந்தக் கரையில் மனிதர்கள் கடலுக்கும் குன்றுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும் இடங்களில் பெயர்பெற்றது அது. மடாலயத்துக்கு அருகில் குன்றின் மேலிருந்து அந்தத் திசையைப் பார்த்தாலே போதும். 1914 அக்டோபர் 30 அன்று ரோஹில்லா என்ற மருத்துவக் கப்பல் 229 பேரோடு அங்குள்ள பாறையில் மோதி உடைந்தது. கரை கண்ணுக்கு எதிரே இருந்தும் மூன்று நாள் மீட்புப் போராட்டம் நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்துடையது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோரை மலாயாவுக்கு ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பலும் பின்னாளில் அதே நிறுவனத்தின் கொடியில்தான் ஓடியது.

ஸ்டெய்த்ஸ் கடற்கரைக்காக அல்லாமல் ஊருக்காகப் பார்க்க வேண்டியது. இரு குன்றுகளின் இடுக்கில் செருகிய மீனவர் ஊர். கேப்டன் ஜேம்ஸ் குக் பதின்வயதில் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்ததும், அதை விட்டுவிட்டு 1746இல் விட்பிக்குக் கப்பல் தொழில் பழகப் போனதும் இங்கிருந்துதான். மணல் ஒரு முற்றம் அளவே. இங்கும் கார் மேலே, ஊர் கீழே. போர்ட் மல்கிரேவுக்குப் போக வேண்டாம்; மண்சரிவால் வழி கெட்டுப்போயிருக்கிறது. ஸ்கார்பரோ பெரிய நகரம். விட்பியில் தங்கிக்கொண்டு ஒரு நாளை அதற்குக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. சால்ட்பர்ன் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும், நீரின் எடையால் ஏறி இறங்கும் 1884ஆம் ஆண்டின் குன்றுத் தூக்கி அங்கே இயங்குகிறது. நீங்கள் வடக்கு நோக்கி வீடு திரும்புவதானால் வழியில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

புதைபடிவங்களைப் பற்றிப் பெரியவள் கட்டாயம் கேட்பாள். இந்தக் குன்றுகள் ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்களான அம்மோனைட்டுகள் அவற்றில் ஏராளம். ராபின் ஹூட்ஸ் பேயிலும் ரன்ஸ்விக்கிலும், பெரிய அலை அடித்து ஓய்ந்த மறுநாள், கூழாங்கற்களுக்கு இடையே உருண்டையான சாம்பல் கற்களின் விளிம்பில் வரிவரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே கிடப்பதைப் பொறுக்கலாம். குன்றைச் சுத்தியலால் தட்டக் கூடாது. இந்தக் கரையின் பல பகுதிகள் அறிவியல் சிறப்புக்காகப் பாதுகாக்கப்பட்டவை; அதைவிட முதன்மையான காரணம், தட்டாமலே கல் விழும் குன்று இது. அதன் நிழலில் பாய் விரித்து உட்காரவே வேண்டாம். 657இல் மடாலயத்தை நிறுவிய ஹில்டா என்ற துறவி பாம்புகளைக் கல்லாக்கிவிட்டார் என்பது ஊர்க் கதை. விற்பனைக்காக அம்மோனைட்டில் பாம்புத் தலை செதுக்கியவர்களும் இருந்தார்கள். ஊரின் சின்னத்திலும் மூன்று சுருள்கள் உண்டு. கண்டகி ஆற்றிலிருந்து வந்து நம் வைணவ வீடுகளின் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே உயிரினத்தின் படிவந்தான். விட்பியின் பானட் பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்தில் தாயாருக்கு இதைக் காட்டுங்கள். அங்கே சுவரளவு கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளும் உள்ளன. கறுப்பாக, இலேசாக ஏதாவது கிடைத்தால், மெருகிடாத பீங்கானில் தேய்த்துப் பாருங்கள். பழுப்புக் கோடு விழுந்தால் அது ஜெட், கறுப்புக் கோடு விழுந்தால் வெறும் நிலக்கரி. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா அரசி துக்கத்துக்கு அணிந்ததால் ஊரையே வாழவைத்த கல் அந்த ஜெட். உண்மையில் கல்லும் அன்று, புதைந்து இறுகிய மரம்.

அந்த அருங்காட்சியகத்தை முன்கூட்டியே ஒரு நாளுக்கு ஒதுக்காமல், மூடுபனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையிலும் சில நாள் கிழக்குக் காற்று வீசும்போது, வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வட கடலின் மீது வந்து பனியாகக் கட்டி, கரையை மட்டும் போர்த்திவிடும். ஃபிரெட் என்பார்கள். ஐந்து கிலோமீட்டர் உள்ளே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்; கடற்கரையில் பத்தடி தள்ளி நிற்கும் பிள்ளை தெரியாது. அன்றைக்குக் கடலைப் பிடிவாதமாகத் தேடிப் போக வேண்டாம்.

கடல்நீர் ஆகஸ்டிலும் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வங்கக் கடலின் 28 டிகிரியில் குளித்துப் பழகிய உடலுக்கு அது திகைப்பூட்டும். பிள்ளைகளுக்குக் குளிர் தாக்காமல் காக்கும் நீர்ச்சட்டை (வெட்சூட்) வாடகைக்கோ விலைக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் நீரிலேயே விளையாடினாலும் அது வேண்டும். காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே விட்டு வாருங்கள். மேற்கிலிருந்து வீசும் காற்றைக் குன்று மறைப்பதால் கரையோர நீர் குளம்போல் அசையாமல் தெரியும். மிதவை குன்றின் மறைவைத் தாண்டியதும் காற்று அதைப் பிடித்துக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்குங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால், அல்லது சிக்கியவரைக் கண்டால், 999க்கு அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். குன்றின் மீது ஏறித் தப்ப முயல வேண்டாம்.

நாள்களை எப்படி அடுக்குவது என்றால், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வருகிறீர்கள் எனில், ராபின் ஹூட்ஸ் பேக்குக் காலை ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்து, பாகிள் ஹோல் வரை நடந்து, நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். ரன்ஸ்விக்குக்கு இன்னொரு நாள் அதிகாலையே கிளம்பிப் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடியுங்கள். மாலைகளை ஊருக்கும் மடாலயத்துக்கும் வையுங்கள். அஷ்டமியை ஒட்டி வருகிறீர்கள் எனில், முற்பகலில் மடாலயம், அருங்காட்சியகம், ஸ்டெய்த்ஸ் ஆகியவற்றை முடித்துக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் சான்ட்செண்டுக்கும் ரன்ஸ்விக்குக்கும் போங்கள். பாறைகள் முழுதாக வெளிப்படாது என்பதால் ராபின் ஹூட்ஸ் பேயை விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை. இரண்டிலும் ஒரு முழு நாள் சான்ட்செண்டுக்கு உண்டு. மழை நின்ற மறுநாளாக அது அமைந்தால், ஆற்றுநீர் கலக்கும் விட்பி மணலைவிட அங்கே குளிப்பது மேல்.

கடைசி மாலை தாயாரை மேற்குக் குன்றின் மேலுள்ள திமிங்கில எலும்பு வளைவின் அருகே காரிலேயே கொண்டுபோய் இறக்கி, அங்குள்ள இருக்கையில் அமர்த்துங்கள். துறைமுகம், படிகள், மடாலயம் என எல்லாம் எதிரே தெரியும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்தால், பொட்டலத்தைத் திறக்குமுன் முதுகைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். விட்பியின் கடற்புறாக்கள் பின்னாலிருந்துதான் வரும், அவற்றுக்கு முதியவர், குழந்தை என்ற வேறுபாடு கிடையாது.